டாக்டர் பாப்பா தீப்பெட்டி

கோவில்பட்டியில் அந்தக் காலத்தில் என் முகத்தில் விழிக்காமல் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. எரிச்சலில் சொல்கிறேன்.

என் அப்பா வன்னியபெருமாள் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் எல்.கே.ஜி. படிக்கும்போது பள்ளியில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். அம்மா எனக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, முகத்தில் அரை டப்பா பவுடரை அப்பி, கழுத்தில் பொம்மை ஸ்டெதாஸ்கோப்பைத் தொங்கவிட்டு அனுப்பினாள். பரிசு எனக்கு இல்லை. முருகன் வேஷத்தில் வந்து மேடையிலேயே ஒண்ணுக்குப் போன பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? மேடையிலிருந்து இறக்கி நேரே ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போனார். அந்தப் படம் சிவகாசிக்குப் போய் லேபிளாகத் திரும்பி வந்தது. மஞ்சள் பின்னணியில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். கீழே சிவப்பு எழுத்தில் 'டாக்டர் பாப்பா'.

பெட்டி பிய்த்துக்கொண்டு போனது. டீக்கடை, பெட்டிக்கடை, கோயில் வாசல், எங்கே பார்த்தாலும் நான்தான். பீடி பற்றவைக்கிறவர்கள் கையில் நான். சாம்பிராணி போடுகிறவர்கள் கையில் நான். தெருச் சாக்கடையில் மிதக்கிற காலிப் பெட்டியிலும் நான்தான்.

நான் வளர்ந்தேன். அவள் வளரவில்லை. நாலு வயதிலேயே டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டுப் பெட்டி மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் கடை வைத்திருந்த முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி நான் எப்போது போனாலும், "என்ன டாக்டர் பாப்பா, எப்பம் எனக்கு ஊசி போடப் போற?" என்பார். உமாதேவி என்று எனக்கு ஒரு பேர் இருப்பது ஸ்கூல் ரிஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும்.

பிளஸ் ஒன் சேரும்போது எல்லாப் பிள்ளைகளிடமும் எந்த குரூப் வேண்டும் என்று கேட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை. அட்மிஷன் போட்ட சார், "அதான் தீப்பெட்டியிலயே போட்ருக்கே" என்று சிரித்துக்கொண்டே பயாலஜி குரூப்பில் எழுதிவிட்டார். அப்பாவும் சிரித்தார். நானும் பைத்தியக்காரி மாதிரிச் சிரித்துவைத்தேன்.

எனக்கு என்று ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது. ஹாக்கி. எங்கள் ஊரில் பையன்கள் பால் பல் விழுமுன்னே மட்டையைப் பிடித்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு அவ்வளவு தாராளம் கிடையாது. ஆனாலும் எங்கள் பள்ளியில் ஒரு டீம் இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து வலது ஓரத்தில் ஓடுகிற ரைட் அவுட் நான். கோல் கீப்பர் என் சிநேகிதி இசக்கிச்செல்வி, குளத்தூர்ப் பக்கத்து விவசாயி மகள், ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். எங்கள் கிரவுண்டு சுத்தக் கரிசல். மழை பெய்தால் ஆளுக்குக் காலில் ஒரு கிலோ மண் அப்பிக்கொள்ளும். வெயில் அடித்தால் வெடிப்பில் பந்து மாட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் வருஷத்தில் கொஞ்ச நாள் ஒழுங்காக விளையாடலாம். எங்களுக்கு அது போதும். சாயங்காலம் மூச்சுவாங்க ஓடிவிட்டு வீட்டுக்கு வந்தால் பகலில் மண்டைக்குள் ஏறிய அத்தனையும் இறங்கியிருக்கும். சாப்பிடுவேன், படிப்பேன், அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் பிளஸ் டூ வந்தது. முதல் நாளே அப்பா என் மட்டையை எடுத்துக்கொண்டுபோய் ஆபீஸ் குடோனில் மெழுகு டின்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார்.

"ஒரு வருஷம் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு தாயி. அப்புறம் உன் இஷ்டம்" என்றார்.

"சாயங்காலம் ஒரு மணி நேரம்தானப்பா."

"அந்த ஒரு மணி நேரத்துலதான் அடுத்தவன் பிள்ள நம்மள முந்திக்கிட்டுப் போவுது."

அதோடு பேச்சு முடிந்தது. விடிகாலையில் பிசிக்ஸ் டியூஷன், பள்ளி விட்டதும் கெமிஸ்ட்ரி, அது முடிந்ததும் பயாலஜி, ஞாயிற்றுக்கிழமை என்ட்ரன்ஸ் கோச்சிங். அம்மா தினமும் வெறும் வயிற்றில் வல்லாரைச் சாறு கொடுத்தாள். ஞாபக சக்திக்காம். அந்தக் கசப்பைத் தவிர எனக்கு வேறொன்றும் ஞாபகம் நிற்கவில்லை.

அரையாண்டுப் பரீட்சையில்தான் அது முதலில் வந்தது. பயாலஜி பேப்பர். கேள்வித்தாளைப் புரட்டினேன். நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. விரல்கள் மரத்து, நண்டுக்கால் மாதிரி உள்ளுக்கு வளைந்துகொண்டன. பேனா கீழே விழுந்தது. எடுக்க முடியவில்லை. செத்துவிடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. தண்ணீர் தெளித்து ஆட்டோவில் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் கொடுமை. அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தபோது நான் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். "பரீட்சை டென்ஷன். பிள்ளைய கொஞ்சம் ஃப்ரீயா விடுங்க, அண்ணாச்சி. நல்லாத் தூங்கட்டும், வெளையாடட்டும்."

"மார்ச்சு முடியட்டும் டாக்டர், நல்லாத் தூங்கட்டும்" என்றார் அப்பா. ஒரு டானிக் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த தடவை சைக்கிளில் வரும்போது வந்தது. டியூஷனிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், ஊர் எல்லையில் ஒரு பாழுங்கிணறு. அந்தக் கிணற்றுப் பக்கம் வரும்போதுதானா வரவேண்டும்? சைக்கிளோடு சாய்ந்து கிடந்த என்னை ஆடு மேய்க்கிறவர்கள் தூக்கிக்கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். எந்த இடத்தில் கிடந்தேன் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்கள். வந்தது வினை.

அந்தக் கிணற்றில்தான் போன வருஷம் மாரித்தாய் இறந்துபோனாள். எனக்கு ஒரு வருஷம் மூத்தவள், எங்கள் பள்ளிக்கூடம்தான். சொந்த ஊர் நாகலாபுரம் பக்கம். இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். நல்ல படிப்பு. பிசிக்ஸில் எனக்குப் புரியாததையெல்லாம் சைக்கிள் ஸ்டாண்டில் வைத்தே சொல்லித் தருவாள். ரிசல்ட் வந்த அன்று பாஸ்தான், நல்ல மார்க்குதான். ஆனால் வீட்டில் எதிர்பார்த்த மார்க் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பிறகு ஊரே அவளைப் பேயாக்கிவிட்டது. உச்சி வேளையில் கிணற்று மேட்டில் தலைவிரித்து உட்கார்ந்திருக்கிறாளாம். படிக்கிற பிள்ளைகளாகப் பார்த்துப் பிடிக்கிறாளாம்.

என் அத்தை சுடலையம்மாள், அப்பாவுக்கு அக்கா, விஷயம் கேள்விப்பட்டதும் பஸ் ஏறி வந்துவிட்டாள். என் கண் இமையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையை மோந்து பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "ஏலே, இது அந்தக் கிணத்துக்காரிதான். சந்தேகமே இல்ல. பிள்ள கை எப்படி வளைஞ்சிருந்துச்சுன்னு கேட்டியா? கெணத்துச் சுவத்தப் பிடிக்க மாதிரி வளைஞ்சிருந்திருக்கு" என்றாள்.

"அத்த, அது டென்ஷன். டாக்டர் சொன்னாரு" என்றேன்.

"பாத்தியா, என்னைய எதுத்துப் பேசுது."

நான் எப்போதுமே அத்தையை எதிர்த்துத்தான் பேசுவேன். அது பேய் பிடித்ததற்கு அடையாளமாக மாறியது அன்றைக்குத்தான்.

கடம்பூர் தாண்டி ஒரு கிராமத்தில் மாடக்கண்ணு என்று ஒரு கோடாங்கி. பேய் விரட்டுவதில் கெட்டிக்காரர் என்றாள் அத்தை. தை மாதம், வெள்ளிக்கிழமை, உச்சி வேளை என்று நாள் குறித்துவிட்டார்கள். முறை என்ன என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உடுக்கு அடித்துப் பேயிடம் பேர் கேட்பார்கள். பேர் சொன்னதும் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். சேலை கேட்டால் சேலை, கோழி கேட்டால் கோழி, கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தபின், பிடித்த பிள்ளையின் உச்சி முடியில் ஒரு கொத்தை வெட்டிப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும்.

வியாழக்கிழமை பள்ளியில் இசக்கிச்செல்வியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மூளைக்காரி மாதிரி யோசித்துச் சொன்னாள்.

"ஏட்டி, இது நல்ல சான்சுல்லா! பேசாம ஆமா, நான் மாரித்தாய்தான்னு சொல்லிரு. என்ன வேணும்னு கேப்பாவல்லா? ஹாக்கி மட்ட வேணும், சாயங்காலம் வெளையாட விடணும்னு கேளு. பேய் கேட்டா உங்கப்பா குடுத்துத்தான ஆவணும்?"

"மாரித்தாய் ஹாக்கியே ஆட மாட்டாட்டி."

"செத்த பொறவு ஆச வந்துச்சுன்னு சொல்லு. யாரு போய் விசாரிக்கப் போறா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று முழுவதும் அவள் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. ஒரு வார்த்தை. 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் மட்டை கைக்கு வந்துவிடும், கிரவுண்டு வந்துவிடும், மூச்சு வந்துவிடும். சொன்னால்தான் என்ன? அப்படியே நினைத்துக்கொண்டுதான் மறுநாள் அம்பாசடர் காரில் ஏறினேன்.

மாடக்கண்ணு வீட்டு முற்றத்தில் அந்தப் புளியமரம் நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அடிமரம் முழுக்க ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கொத்து முடி. செம்பட்டை முடி, எண்ணெய் ஏறிய முடி, ரிப்பன் நுனியோடு வெட்டிய முடி. ஒன்றுகூட ஆம்பளை முடி கிடையாது. இத்தனை பெண் பிள்ளைகளும் இந்த இடத்தில் உட்கார்ந்து யாரோ ஒருத்தியின் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கேட்டிருப்பார்கள்? வீட்டுக்குப் போனபிறகு தங்கள் சொந்தப் பேரில் எதையாவது கேட்டிருப்பார்களா? கேட்டால், 'அது இன்னும் போகலியோ' என்றுதானே பார்த்திருப்பார்கள்?

என்னைப் பலகையில் உட்கார வைத்தார்கள். வேடிக்கை பார்க்க ஊர்ப் பொம்பளைகள் வேறு கூடிவிட்டார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா ராமலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அத்தைக்குப் பின்னால் நின்றாள். மாடக்கண்ணு சூடத்தை வைத்துவிட்டு இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். டாக்டர் பாப்பா.

"முதலாளி கம்பெனிப் பெட்டிதான்" என்று அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். சூடத்தைப் பற்றவைத்துவிட்டுப் பெட்டியை என் முன்னால் வைத்தார். நாலு வயசுக்காரி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள்.

உடுக்கு ஆரம்பித்தது. காதுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருந்தது. விபூதியை முகத்தில் ஊதினார்.

"ஏ, யாரு நீ? பேரச் சொல்லு!"

"உமாதேவி."

"அது பிள்ள பேரு. பிள்ளயப் பிடிச்ச நீ யாரு?"

"பிள்ளதான் பேசுதேன்."

"திமிரப் பாத்தியளா?" என்றாள் அத்தை கூட்டத்தைப் பார்த்து. "எங்க பிள்ள இப்படியா பேசும்? வாயில்லாப் பூச்சில்லா!"

வாயில்லாப் பூச்சியா? நானா? இந்த அத்தை என் பேச்சை ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறாளா?

மாடக்கண்ணு வேப்பங்குழையால் தோளில் அடித்தார். வலித்தது. உடுக்கு வேகம் எடுத்தது. "கெணத்துல விழுந்தவதான? மாரித்தாய்தான நீ? ஒத்துக்கோ! ஒத்துக்கிட்டா விட்டுருதேன்!"

மறுபடி அடி. வேர்த்து ஊற்றியது. சொல்ல வேண்டியதுதானே, ஒரு வார்த்தைதானே? வாயைத் திறந்தேன். அப்போதுதான் அப்பா முன்னால் வந்தார்.

அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு எதிரே மண்ணில் முட்டி போட்டார். ஆபீஸில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், ரெண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டார்.

"தாயி, நீ யாரா இருந்தாலும் சரி. உனக்கு என்ன வேணும்? எதுன்னாலும் கேளு, தாரேன். என் பிள்ளய மட்டும் விட்டுரு."

உனக்கு என்ன வேணும். என் வாழ்நாளில் அப்பா என்னைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. இப்போதுதான் கேட்கிறார். அதுவும் என்னிடம் இல்லை, என்னைப் பிடித்த பேயிடம். அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. பேய் கேட்டால் கிடைக்கும், பெற்ற பிள்ளை கேட்டால் கிடைக்காதா? இப்போது ஆமாம் என்று சொல்லி மட்டையை வாங்கிவிட்டால், நாளைக்கு நான் வாயைத் திறந்து என்ன கேட்டாலும் பேய் கேட்கிறது என்றுதானே சொல்வார்கள்? என் வாயை நானே விற்றுவிட்டு வருவதா? அதுவும், எனக்குப் பிசிக்ஸ் சொல்லித்தந்தவளை இன்னொரு தடவை பேயாக்கிவிட்டு?

"அப்பா, எந்திரிங்க" என்றேன். "கும்பிடாதீங்க. என்ட்ட கேளுங்க. உமாதேவிட்ட கேளுங்க."

"ஏய், பேச்ச மாத்தாத!" என்று மாடக்கண்ணு குழையை ஓங்கினார். நான் அதைக் கையால் பிடித்துக்கொண்டேன். கூட்டம் 'ஆ' என்றது.

"மாரித்தாய இதுல இழுக்காதீங்க. பாவம், அவ ஒருத்தரையும் பிடிக்கல. அவளப் பிடிச்சது எதுவோ, அதுதான் என்னையும் பிடிச்சிருக்கு."

உடுக்கு சட்டென்று நின்றது. மாடக்கண்ணுவுக்கு இந்தப் பதில் புதுசு. ஆனாலும் பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. "அது எது? பேரச் சொல்லு. ஊரச் சொல்லு."

நான் அந்தத் தீப்பெட்டியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பேரு டாக்டர் பாப்பா. ஊரு எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ். நாலு வயசுல பிடிச்சது, இன்னும் விட மாட்டக்கு. பரீட்சப் பேப்பர எடுத்தா நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கிடுது. கையப் பிடிச்சு முறுக்குது. கண்ண மூடினா 'எவ்வளவு மார்க்கு, எவ்வளவு மார்க்கு'ன்னு கேக்குது. முன்னால ஓடியாவது அத ஒதறிட்டு வருவேன். அந்த மட்டையவும் பூட்டி வச்சாச்சு. போதுமா? பேரும் சொல்லிட்டேன், ஊரும் சொல்லிட்டேன். வெரட்டுங்க பாப்போம்!"

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் பிள்ளை களுக்கென்று சிரித்தாள். அப்பா முட்டிபோட்டபடியே அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், முன்பின் பார்க்காத சாமானைப் பார்க்கிற மாதிரி.

அத்தைதான் முதலில் சுதாரித்தாள். "கேட்டுக்கிட்டா நிக்கீங்க? முடிய வெட்டி அடிங்க கோடாங்கி!"

"என் தலைல ஒரு முடி வெட்டக் கூடாது" என்றேன். எழுந்து நின்றுவிட்டேன். "பேய் என் தலைல இல்ல. இந்தப் பெட்டில இருக்கு. அடிக்கதா இருந்தா இத அடிங்க."

மாடக்கண்ணு அப்பாவைப் பார்த்தார். அப்போது அத்தையைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். என் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். திறந்து குச்சிகளைக் கொட்டி, "இந்தாங்க, வீணாப் போவக் கூடாது" என்று மாடக்கண்ணு உள்ளங்கையில் வைத்தாள். தீப்பெட்டி ஆபீஸ்காரி இல்லையா? அந்த நேரத்திலும் குச்சி வீணாகக் கூடாது அவளுக்கு. பிறகு ஆணியையும் சுத்தியலையும் கேட்டாள்.

"ராமலட்சுமி! உனக்கும் என்ன கிறுக்கா?" என்றார் அப்பா.

"பிள்ளதான் பேசுது" என்றாள் அம்மா. "பத்து மாசம் சுமந்தவளுக்குக் குரல் தெரியாதா? அன்னைக்கு ஆட்டோல வந்து இறங்கும்போதே எனக்குத் தெரியும். சொல்லத்தான் தைரியம் இல்ல."

மரத்தடிக்குப் போனாள். முதல் அடி ஆணியில் விழாமல் கட்டைவிரலில் விழுந்தது. உதறிக்கொண்டு மறுபடி அடித்தாள். அத்தனை பிள்ளைகளின் முடிக்கும் நடுவில் மஞ்சள் அட்டை ஒன்று ஆணியில் நின்றது. எனக்கு அப்போதுதான் மூச்சு முழுசாக உள்ளே போனது.

காரில் திரும்பினோம். அத்தை கடம்பூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, "என்னமும் பண்ணித் தொலைங்க" என்று சொல்லிவிட்டுத் தன் ஊர் பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டாள். அம்மா போளி வாங்கினாள். வீங்கின விரலோடு எனக்குப் பிட்டுக் கொடுத்தாள். அப்பாவிடம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்றார். ரொம்ப தூரம் வந்தபிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"லேபிள் இன்னும் ஒரு லோடு அடிச்சு வச்சிருக்கேன்."

அதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. "ஒட்டி வித்துக்கோங்கப்பா. நல்லா ஓடுத சரக்கு. நான் அவ இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்றேன்.

மறுநாள் காலையில் குடோன் சாவியை ஆணியிலிருந்து நானே எடுத்தேன். யாரும் கொடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. மெழுகு டின்களை நகர்த்தி மட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் அப்பா நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

"சாயங்காலம் கெமிஸ்ட்ரி டியூஷன்" என்றார் தலையைத் தூக்காமல்.

"அது வேண்டாம்ப்பா. நான் வீட்டுலயே படிச்சுக்கிடுதேன். சாயங்காலம் கிரவுண்டுக்குப் போறேன்."

அப்பா பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நான் போய்விட்டேன்.

ரொம்ப நாள் கழித்து ஓடினால் என்ன ஆகும்? முதல் நாள் விலா பிடித்துக்கொண்டு கிரவுண்டு ஓரத்தில் குப்புறக் கிடந்தேன். இசக்கிச்செல்வி வந்து மட்டையால் என்னைக் குத்திப் பார்த்தாள். "அட கிறுக்கி, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடி வாங்காம மட்டைய வாங்கியிருக்கலாமேட்டி" என்றாள். அடி வாங்கினாலும் என் பேரில் வாங்கினேன் என்றேன். அவளுக்கு அது புரிந்ததோ என்னவோ, கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

எல்லாம் அன்றோடு ஓடிப்போய்விட்டது என்று கதை விடமாட்டேன். மார்ச்சில் பிசிக்ஸ் பரீட்சையில் மறுபடி வந்தது. அதே திடுதிடு, அதே விரல். ஆனால் இந்தத் தடவை எனக்கு அதன் பேர் தெரியும். செத்துப்போக மாட்டேன் என்றும் தெரியும். பேனாவை வைத்துவிட்டு, கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு மனசுக்குள் நானே கோடாங்கி வேலை பார்த்தேன். யாரு நீ? உமாதேவி. என்ன வேணும்? இந்தக் கணக்க முடிச்சிட்டு கிரவுண்டுக்குப் போவணும். கொஞ்ச நேரத்தில் விரல் நிமிர்ந்தது. எழுதினேன். எழுத முடிந்ததை எழுதினேன்.

ரிசல்ட் வந்தது. நல்ல பாஸ். டாக்டர் சீட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாத மார்க்.

அன்று அப்பா ஆபீஸுக்குப் போகவில்லை. மார்க்கைக் கேட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மார்க்குக்காகத்தான் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து எனக்குள் கோபம் பொங்கிக்கொண்டிருந்தது. நான் பின்வாசல் பக்கம் போனால் எட்டிப் பார்த்தார். குளிக்கப் போனால் கதவைத் தட்டி, "தாயி, உள்ளதான இருக்க?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மார்க்கைக் காவல் காக்கவில்லை. என்னைக் காவல் காக்கிறார். போன வருஷம் இதே நாளில் மாரித்தாய் இருந்த வீட்டில் ஒருத்தரும் வாசலில் உட்காரவில்லை.

சாயங்காலம் மட்டையை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, கிரவுண்டுக்குப் போறேன்."

"நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டினார்.

தெருமுனையில் முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி கடையில் நாலு பேர் நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் அண்ணாச்சி கையில் இருந்த தீப்பெட்டியை ஆட்டிக்கொண்டு கூப்பிட்டார். "என்ன டாக்டர் பாப்பா, ரிசல்ட்டு வந்துட்டுல்லா? சீட்டு கிடைச்சிருமா?"

பட்டென்று பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என் தோளில் கை வைத்து நிறுத்தினார். அவர் முகம் வேர்த்திருந்தது. நாலு பேர் முன்னால் மகள் தோற்றுவிட்டாள் என்று சொல்லப்போகிறார், அல்லது பொய் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் சும்மா விடுவதில்லை என்று மட்டையை இறுக்கிப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, அது பெட்டில இருக்கவ" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் பேரச் சொல்லு தாயி."

"உமாதேவி" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.